ஐவி அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை ஜூஸ்

உம்மா என்னை அமெரிக்காவுக்கு அனுப்பியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, என் தம்பி ஜமாலைக் கூட்டிக்கொண்டு வர. அவன் மனைவி மார்சியா முந்தைய கோடையில் கார் விபத்தில் இறந்துபோயிருந்தாள். பிள்ளைகள் இல்லை. கொஞ்ச நாளில் அவன் வேலையும் போனது. டெக்சாஸில் அவன் இருந்த ரிச்சர்ட்சனில் தொலைபேசிக் கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக்கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. இங்கே காயல்பட்டினத்தில் உம்மாவுக்கு இதயம் பலவீனமாகிக்கொண்டே வந்தது.

"அங்கெ அவனுக்கு இனி யாரு இருக்கா? நீ போய்க் கூட்டிட்டு வா. கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை பாத்துக்கிடுறேன்" என்றார்கள் உம்மா.

நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆங்கிலம் பேசப் பயப்படமாட்டேன் என்று வீட்டில் பெயர். அந்தப் பெயர் என்னை 2003 ஜனவரிக் குளிரில் டல்லஸ் விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியது. சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்த மாசிக் கருவாட்டுத்தூள் பொட்டலத்தைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தார். பிறகு அதைக் கை நீட்டித் தூரப் பிடித்தபடி குப்பைத்தொட்டிவரை நடந்துபோனார். ஜமாலுக்கு ஊரிலிருந்து நான் கொண்டுபோனதில் அவன் கேட்டிருந்த ஒரே பொருள் அதுதான்.

அவன் மெலிந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கார் ஓட்டிக்கொண்டே, "லாத்தா, வீட்ல மம்மா இருக்காங்க. கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்றான். லாத்தா எங்கள் ஊர் அக்கா. மம்மா என்றால் மார்சியாவின் தாயார் ஐவி. ஜமைக்காக்காரர். புருஷன் இறந்த பிறகு ஒரே மகளோடு வந்து தங்கியவர். மகள் போனதும் நியூஜெர்சியில் இருக்கும் தங்கை மகன் வீட்டுக்கு அவர் போய்விட்டார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஜமாலும் போனில் அப்படி இல்லை என்று சொன்னதில்லை.

கதவைத் திறந்தது ஐவி அம்மாதான். நல்ல உயரம். நரைத்த முடியை இறுக்கிப் பின்னியிருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வா வா, உள்ளே வா. மார்சியா இப்பத்தான் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனா. நீ வர்றேன்னு தெரிஞ்சும் லீவு கிடைக்கலையாம். ராத்திரி வந்துடுவா" என்றார்.

அவருடைய ஆங்கிலம் பாட்டுப் போல ஏறி இறங்கும். எனக்குப் பாதிதான் பிடிபடும். இந்த வாக்கியம் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் புரிந்தது. ஜமாலைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலை அவர் குளிக்கப்போன நேரத்தில் கேட்டேன். மார்சியா அடக்கமான மறு மாதத்திலிருந்து அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது என்றான். முன்பே லேசாக மறதி இருந்ததாம். அதிர்ச்சியில் அது முற்றிவிட்டது.

"முதல்ல நான் உண்மையத்தான் சொன்னேன் லாத்தா. மார்சியா எங்கன்னு கேட்டா, இறந்துட்டா மம்மான்னு சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் முதல்ல கேக்குற மாதிரி அலறுவாங்க. சாயங்காலம் மறந்துருவாங்க. மறுநாள் திரும்பக் கேப்பாங்க. ஒருநாள் நைட்டியோட ரோட்ல எறங்கி ஆஸ்பத்திரியத் தேடிப் போயிட்டாங்க. டாக்டர் இனிமே கரெக்ட் பண்ணாதீங்கன்னுட்டாரு. அதுலேர்ந்து மார்சியா டியூட்டிக்குப் போயிருக்கான்னு சொல்றேன்."

"எத்தனை நாளைக்குடா பொய் சொல்லுவெ? ஒரு தாய்க்குத் தன் மவ மவுத்தானது தெரியக் கூடாதா?"

ஜமால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோசைக்கல் மாதிரி தடித்த இரும்புச் சட்டியில் முட்டை ஊற்றிக்கொண்டிருந்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் உண்மையைப் பேசு என்று சொல்லியே காலம் தள்ளியவள் நான்.

அடுத்த நாட்கள் மெதுவாக நகர்ந்தன. அந்த ஊரில் தெருவில் மனிதர்களே நடப்பதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரே மாதிரி செங்கல் வீடுகள், புல்தரை, எப்போதாவது ஒரு நாய், அதைப் பிடித்திருக்கும் ஒரு கை. எங்கள் தெருவில் பாங்கு சத்தமும் மீன்காரர் மணியும் சண்டையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விழும். இங்கே குளிர்சாதனப் பெட்டி உறுமுவது கூடக் கேட்டது. ஜமால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலைக்கு அப்ளை பண்ணிக்கொண்டே இருந்தான். நானும் ஐவி அம்மாவும் இஞ்சித் தேநீர் குடித்தபடி எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். "உனக்குத் தாயார் இருக்காங்களா?" என்று கேட்பார். இருக்கிறார்கள் என்பேன். சந்தோஷப்படுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்பார். மறுபடியும் அதே சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பக்கத்து ஊரான ஆலனில் ஒரு தமிழ்க் குடும்பம் விருந்துக்கு அழைத்தது. பிரியாணி நம் ஊர் ருசியில் இருந்தது. அந்த வீட்டுப் பெண் என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டே, "ஆன்ட்டி, ஜமால் அண்ணனை எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுங்க. கிரீன் கார்டு எல்லாம் இருக்கட்டும். அந்தம்மா அவரோட சொந்த அம்மாவா என்ன? இங்க இதுக்குன்னே ஹோம் இருக்கு. நியூஜெர்சி நெஃப்யூகூட அதைத்தான் சொல்றாராமே" என்றாள். அவளுடைய சின்ன மகள் நாங்கள் பேசுவதைப் புரிந்துகொண்டு, அந்தப் பாட்டி அங்கே தனியாகத் தூங்க வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மா அவளை விளையாடப் போகச் சொன்னாள்.

திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் வைத்து அதையே நானும் சொன்னேன். "நல்ல ஹோமாப் பாத்து விடலாம் தம்பி. உம்மாவுக்கு நாள் அதிகமில்ல." அவன் லேன் மாறினான், மறுபடியும் மாறினான். கடைசியில், "உம்மாவுக்கு நீங்க இருக்கீங்க லாத்தா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுப்ஹு தொழுதுவிட்டு எழுந்தபோது கராஜ் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. போய்ப் பார்த்தேன். காருக்குப் பக்கத்தில், துணி துவைக்கும் மெஷின் மேல் மிக்ஸியை வைத்து ஜமால் கேரட் அரைத்துக்கொண்டிருந்தான். குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. சமையலறையில் அரைத்தால் ஐவி அம்மா விழித்துவிடுவாராம்.

"ஜமைக்காவுல ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் கேரட் ஜூஸ் இருக்கணும் லாத்தா. ரம்ஜானுக்கு நமக்குக் கஞ்சி மாதிரி. மார்சியா எந்த டியூட்டியா இருந்தாலும் போட்டு வச்சிட்டுத்தான் போவா. இப்பவும் காலைல எந்திரிச்சதும் மம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து பாப்பாங்க. இருந்துச்சுன்னா மக வீட்ல இருந்துட்டுப் போயிருக்கான்னு நம்பிக்கை. அன்னைக்கு முழுக்க அமைதியா இருப்பாங்க."

எப்படிச் செய்கிறான் என்று பார்த்தேன். கேரட்டைத் தோல் சீவி, துண்டு போட்டு, தண்ணீர் ஊற்றி மையாக அரைத்தான். மெல்லிய வெள்ளைத் துணியில் கொட்டி முறுக்கிப் பிழிந்தான். தேங்காய்ப் பால் பிழிவது போலத்தான். சக்கை உலர்ந்து உதிரும்வரை விடவில்லை. அதில் கொஞ்சம் இஞ்சிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு சொட்டு வனிலா, டின் பால். கடைசியாக ஜாதிக்காயைத் துருவிப் போட்டான். நம் வீடுகளில் கைக்குழந்தை தூங்குவதற்கு உரசிக் கொடுக்கும் அதே ஜாதிக்காய். அந்த வாசனை அந்தக் குளிர்ந்த கராஜில் எழுந்தது. சிலர் இதில் ரம்கூட ஊற்றுவார்கள், இந்த வீட்டில் அது கிடையாது என்று சொல்லிச் சிரித்தான். வந்த நாளிலிருந்து நான் பார்த்த அவனுடைய முதல் சிரிப்பு.

ஜாடியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தான். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்தான். பாதி குடித்துவிட்டு, மிச்சத்தை மேசை மேல் அப்படியே வைத்தான்.

"இது எதுக்கு?"

"மார்சியா அப்படித்தான் வச்சிட்டுப் போவா. முழுசாக் குடிக்க அவளுக்கு நேரமே இருந்ததில்ல."

பகலில் சிவப்பு ராஜ்மாவைத் தேங்காய்ப் பாலில் போட்டு வேகவைத்த சோறு. எங்கள் தேங்காய்ச் சோற்றுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். கோழியும் ஜூஸும் பக்கத்தில். ஐவி அம்மா மேசையிலிருந்த அரை டம்ளரைப் பார்த்துத் தலையை ஆட்டி, "இந்தப் பொண்ணு எப்பவும் ஓட்டம்தான்" என்று அலுத்துக்கொண்டார். ஜமால் ஆமாம் என்றான்.

அடுத்த வாரம் ஆஸ்டினில் பழைய நண்பர் ஒருவர் வேலை இருப்பதாகச் சொல்ல, சனிக்கிழமை காலை ஜமால் கிளம்பினான். இரவு தங்கிவிட்டு, ஞாயிறு விடியுமுன் வந்து ஜூஸ் போட்டுவிடுவதாகச் சொன்னான். அவன் போன பிறகுதான் வீட்டில் கேரட்டே இல்லை என்று கவனித்தேன். கடை தூரம். ஐவி அம்மாவைத் தனியாக விடவும் முடியாது. "கேரட் வாங்கப் போவோமா?" என்றேன். உடனே சர்ச்சுக்குப் போடும் ஊதாத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்தச் சாலையில் நடைபாதை கிடையாது. துப்பட்டி போட்ட நான், தொப்பி வைத்த அவர், இருவரும் கைகோத்துப் புல்லில் நடந்தோம். கார்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ஒருவர் ஜன்னலை இறக்கி என்னவோ கத்திவிட்டுப் போனார். எனக்குப் புரியவில்லை, ஐவி அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும், அவர் திரும்பக் கத்தினார். பாதி வழியில் ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. ஓட்டிவந்த மெக்சிகோக்காரருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, எங்களைக் காட்டி, சீட்டைத் தட்டினார். ஏறிக்கொண்டோம். கடை வாசலில் இறக்கியதோடு நிற்காமல், நாங்கள் வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து வீட்டிலும் கொண்டுவந்து விட்டார். நான் நன்றி சொல்லத் தடுமாறியபோது வானத்தைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கடையில் ஐவி அம்மா வேறு மனுஷியாக இருந்தார். தடித்த கேரட்டை எல்லாம் தள்ளிவிட்டு ஒல்லியானவற்றை மட்டும் பொறுக்கினார். "நடுத்தண்டு தடிச்சா இனிக்காது. மார்சியாவுக்குப் பொறுமை கிடையாது, கைக்குக் கிடைச்சதை அள்ளிட்டு வந்துடுவா. இதைப் பார்த்தா சந்தோஷப்படுவா" என்றார். நான் ஆமாம் என்றேன். அந்த ஆமாம் எப்படி என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை போன் அடித்தது.

"லாத்தா, பாதி வழியில, வேக்கோ பக்கத்துல நிக்கிறேன். ரேடியேட்டர் போச்சு. டோ ட்ரக் வர லேட்டாகும். மம்மா எந்திரிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"லாத்தா..."

"நீ நிம்மதியா வா. நான் போட்டு வைக்கிறேன்."

மிக்ஸியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். அவன் செய்தபடியே எல்லாம் செய்தேன். துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் காற்று வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஐவி அம்மா நின்றார். காலில் செருப்பு இல்லை. என் கையைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். முழங்கைவரை வழிந்திருந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தார்.

"மார்சியா எங்கே?"

டியூட்டிக்குப் போயிருக்கிறாள். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சின்ன வாக்கியம். வாயைத் திறந்தேன், வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ செத்துட்டா, இல்ல?"

ஜமாலிடம் உண்மை உண்மை என்று வாதாடியவள் நான். அந்த நிமிடம் யாராவது வந்து ஒரு பொய்யை என் வாயில் வைத்தால் போதும் என்று இருந்தது. யாரும் வரவில்லை. தலையை அசைத்தேன்.

அவர் அலறவில்லை. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கையைத் துடைத்துவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். சிமெண்ட் தரை பனிக்கட்டியாக இருந்தது.

"எப்போ?"

"கோடையில்."

"நான் அடக்கத்துக்குப் போனேனா?"

"போனீங்க. முன்வரிசையில இருந்தீங்கன்னு ஜமால் சொன்னான்."

அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது போல. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது; துடைக்கவில்லை. பிறகு ஜாடியைப் பார்த்து, "அப்போ இத்தனை நாளும் இதை யார் போட்டது?" என்று கேட்டார்.

"என் தம்பி."

"அந்தப் பையனா?" என்றார். "பால் கூடிப்போச்சேன்னு நினைப்பேன். ஆஸ்பத்திரி அலுப்புல இவ அளவை மறந்துட்டாளேன்னு நினைப்பேன்." சிரிக்க முயன்றார். அது சிரிப்பாக முடியவில்லை. அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதபோது, பாஷை பாதி புரியாத குறை எனக்குத் தோன்றவில்லை. நானும் அழுதேன். மார்சியாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. போட்டோவில்தான் தெரியும்.

எழுந்திருக்கும்போது என் கையை அழுத்திப் பிடித்து, "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லாதே. அவன் தாங்கமாட்டான்" என்றார்.

ஜமால் தன் காரை இழுத்துவந்த டோ ட்ரக்கில் வந்து இறங்கியபோது மதியம் ஆகிவிட்டது. முகமெல்லாம் பயம். ஐவி அம்மா மேசையில் உட்கார்ந்திருந்தார். அவனுக்கு ஒரு டம்ளர் ஊற்றி நகர்த்தினார். "மார்சியா போட்டு வச்சிட்டுப் போயிருக்கா. இன்னைக்கு அளவு சரியா இருக்கு. குடி" என்றார். ஜமால் நன்றியோடு என்னைப் பார்த்தான். நான் ஐவி அம்மாவைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதற்குள் மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி நடந்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. அதன் பிறகு நான் அங்கிருந்த நாட்களில் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

மறுநாள் காலிங் கார்டு போட்டு உம்மாவிடம் பேசினேன். ஒன்று விடாமல் சொன்னேன். கராஜ், மிக்ஸி, பாதி டம்ளர் எல்லாம். மறுமுனையில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அவுஹளுக்கு வேற புள்ளை கிடையாதா?" என்றார்கள் உம்மா.

"இல்ல உம்மா."

மறுபடியும் இரைச்சல்.

"அப்ப அவன் அங்கெயே இருக்கட்டும். நீ மட்டும் வா. அவனெ வற்புறுத்தாதெ." பிறகு, "அந்தம்மா ஒழுங்காச் சாப்புடுறாஹளா?" என்று கேட்டார்கள்.

சாப்பிடுகிறார்கள் என்றேன். உம்மா போனை வைத்துவிட்டார்கள். அன்று முழுக்க அவர்கள் சாப்பிடவில்லை என்று ஊருக்கு வந்த பிறகு என் மகள் சொன்னாள்.

நான் கிளம்பிய நாளன்று ஐவி அம்மாவும் விமான நிலையத்துக்கு வந்தார். உள்ளே போகுமுன் என்னைக் கட்டிக்கொண்டு, "உனக்குத் தாயார் இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். "அப்போ சீக்கிரம் போ. காக்க வைக்காதே" என்றார். ஜமால் பெட்டியின் பூட்டைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டான். அவன் நிமிர்வதற்குள் வரிசை என்னை முன்னால் தள்ளிவிட்டது.

உம்மா அந்த வருடம் ஐப்பசி மழையில் மவுத்தானார்கள். கடைசி வாரம் முழுக்க அவனைக் கேட்கவே இல்லை. கேட்டால் நாங்கள் அவனுக்குச் சொல்லிவிடுவோம் என்று கேட்காமல் இருந்திருக்க வேண்டும். ஐவி அம்மாவை விட்டுவிட்டு வர ஜமாலால் முடியவில்லை. ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கும்போது நான் செல்போனைக் கூட்டத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மழைச் சத்தமும் கலிமாச் சத்தமும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

நாலைந்து நாள் கழித்து அவனே கூப்பிட்டான். குரல் தெளிந்திருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"அன்னைக்குப் போனை வச்சிட்டு கிச்சன் தரைலயே உக்காந்துட்டேன் லாத்தா. எந்திரிக்க முடியல. மம்மா வந்து பாத்தாங்க. யாருக்கு என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. முழங்கால் வலியோட தரையில உக்காந்தாங்க. என் தலையை மடில சாய்ச்சுக்கிட்டாங்க. 'அழு மகனே, எவ்வளவு நேரம் வேணுமோ அழு. இன்னைக்கு எனக்கு வேற வேலை எதுவும் இல்ல'ன்னாங்க."